ஒரு வரி விடாமல்

புரூஜ்
9 செப்டம்பர் 1986

கோடலீவுக்கு,

உன் அப்பா ஓடில் சொல்ல, ஸுல்மா எழுதுகிறாள். டாம் வாசல் பாலத்தடியில் படகுக்காரர்களுக்குக் காப்பிக்கடை வைத்திருப்பவள். உன் அம்மா போன பிறகு எனக்குப் படிக்கவும் எழுதவும் யாரும் இல்லை. இவள் கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். "நீ சொல்றத அப்படியே எழுதுவேன், நடுவுல இருமினா இருமலையும் சேர்த்து எழுதுவேன்" என்கிறாள். ஆகவே இதில் இருப்பதெல்லாம் நான் சொன்னதுதான்.

நியூபோர்ட்டிலிருந்து தனியாக வந்தேன். ரயிலில் ஏறவில்லை. கால்வாய்க் கரையோடு நடந்து, வழியில் மூன்று இடங்களில் தங்கி, நான்காம் நாள் வந்து சேர்ந்தேன். இடுப்பு தேய்ந்துவிட்டது. ஒரு மைல்கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு தடவையாவது உட்கார வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு பசுமாட்டுக்காரன், "எங்க தாத்தா இவ்வளவு மெதுவா? உங்கள முந்திக்கிட்டு வாத்து போகுது" என்று சிரித்தான். போகட்டும் என்றேன்.

இந்த ஊரை நாற்பத்தாறு வருடம் வெளியிலிருந்தே பார்த்திருக்கிறேன். நிலக்கரியோ செங்கல்லோ ஏற்றிக்கொண்டு சுற்றுக் கால்வாயில் வந்து நிற்போம், பாலம் திறந்ததும் போய்விடுவோம். படகுக்காரனுக்கு எந்த ஊரிலும் அதன் முதுகுதான் தெரியும். உன் அம்மா கிடந்த மருத்துவமனையும் அடக்கம் செய்த இடமும்கூட ஊருக்கு வெளியேதான். எழுபத்தேழு வயதில் முதல் முறையாக உள்ளே நடக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கால்வாய்க் கரை. நேற்று நீளக் கரை என்று பெயருள்ள கரை முழுவதும் நடந்தேன். தெருப் பெயர் படிக்கத் தெரியாததால் வீட்டுக் கதவின் நிறத்தையும் படிக்கட்டின் தேய்மானத்தையும் வைத்து வழி அடையாளம் பார்த்துக்கொள்கிறேன். பாலங்களின் அடிக்கல்லில் பழைய கயிறுகள் அறுத்த பள்ளம் இருக்கிறது. அதில் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழம்.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். மருத்துவமனையில் கடைசி வாரம் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அலமாரிக்கு மேல பிஸ்கட் டப்பா இருக்கு. அத கோடலீவ் கையில குடுத்துடுங்க. நீங்க யாரையும் வச்சு அதப் பிரிச்சுப் படிக்காதீங்க" என்றாள். சின்ன வயதில் சிஸ்டர்களின் பள்ளி விடுதியிலிருந்து நீ எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. நூல் போட்டுக் கட்டியபடி அப்படியே கொண்டுவந்திருக்கிறேன்.

அதை உன் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சாக்கில் உன் முகத்தை ஒரு தடவை பக்கத்தில் பார்க்க வேண்டும். இருபத்தேழு வருடமாக நீ என்னோடு பேசவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது. ஏப்ரலில் அம்மாவை அடக்கம் செய்தபோதும் குழிக்கு அந்தப் பக்கம் நின்றாய், மண் போட்டாய், போய்விட்டாய். அம்மாவின் பையில் இருந்த சீட்டிலிருந்துதான் இந்த அஞ்சல் பெட்டி எண் கிடைத்தது. வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது.

நீ சொல்கிற இடத்துக்கு, சொல்கிற நேரத்துக்கு வருகிறேன்.

ஓடில் வான்டோர்


புரூஜ்
16 செப்டம்பர்

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த எண்ணை அம்மா சீட்டில் எழுதி வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வந்து நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் வீட்டு முகவரியை அவளிடம்கூட எழுதிக் கொடுக்காமல் இருந்தேன்.

ஏனென்று தெரியாது என்கிறீர்கள். இதை உங்களுக்கு உரக்கப் படிப்பது ஒரு அந்நியப் பெண். அவள் வாயால் நீங்கள் கேட்க வேண்டிய விஷயம் இல்லை அது. அதைவிட, நீங்கள் ஏற்கெனவே கேட்ட விஷயம். முப்பத்தொரு தடவை கேட்டீர்கள். மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும்?

டப்பாவைத் தபால் நிலையத்தில் என் பெட்டி எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வேண்டாமென்றால் கால்வாயில் போடுங்கள். எனக்கு அது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பிப் போங்கள். இந்த ஊரின் கற்கள் மழையில் வழுக்கும், உங்கள் இடுப்புக்கு ஆகாது.

கோடலீவ்


புரூஜ்
23 செப்டம்பர்

கோடலீவ்,

உன் கடிதத்தை ஸுல்மா இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படித்து முடித்து, "என்னய்யா பண்ணின இந்தப் பொண்ண?" என்று கேட்டாள்.

என் ஞாபகத்தில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று ஒரு வாரம் யோசித்தேன். கண்ணாடிக் கரையில் ஒரு நாள், மீன் சந்தைத் தூண்களுக்குப் பக்கத்தில் ஒரு நாள், ஏரியில் அன்னங்கள் இருக்கும் இடத்தில் ஒரு நாள். அங்கெல்லாம் உட்கார்ந்து உன் கடிதங்களை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவனுக்குக் காதில் விழுந்தது அழியாது. அம்மா படித்ததெல்லாம் இன்றைக்கும் வரிசையாக வரும்.

முதல் கடிதம், நாற்பத்தெட்டு அக்டோபர், செங்கல் ஏற்றிக்கொண்டு நீண்ட நேர்க்கால்வாயில் போய்க்கொண்டிருந்தோம். "அப்பா, இங்கே ஞாயிற்றுக்கிழமை இறைச்சி உருண்டை போட்ட சூப் தருகிறார்கள்" என்று எழுதியிருந்தாய். இரண்டாவதில், பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் பெயர் மார்தா, அவளும் படகுப் பிள்ளை. டிசம்பரில் புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு சிஸ்டர் உனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார், பாதியை மார்தாவுக்குக் கொடுத்தாய். அந்த ஆரஞ்சை நான் மூன்று மதகு தாண்டும் வரை எல்லாப் படகுக்காரனிடமும் சொன்னேன். "என் பொண்ணு பாதியக் குடுத்துட்டாளாம்!" கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீ தேவதை. இறக்கை அட்டையில் செய்தது. வசந்தத்தில் தையலில் முதல் இடம். இதில் எது உனக்குக் கோபம்?

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. ஐம்பதாம் வருடக் கோடை விடுமுறை. மதகுக்குள் தண்ணீர் ஏறிப் படகு உயரக் காத்திருந்தோம். நீ சுக்கான் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, என் லெட்டரெல்லாம் கேட்டீங்களா?" என்றாய். "எல்லாத்தையும் கேட்டேன்டா கண்ணு, ஒண்ணு விடாம. அருமையா எழுதுற" என்றேன். நீ முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ சரியாகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பெண் வளர்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை உன்னைப் பார்த்தேன். நான் தேடிப் போகவில்லை. பச்சைக் கரையின் சின்னப் பாலத்தில் நான் இளைப்பாறிக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, வலைப்பையில் லீக்ஸ் தண்டோடு வந்தாய். உனக்கு இடப்பக்கமாக, கை எட்டுகிற தூரத்தில் நின்று, "கோடலீவ்" என்றேன். நீ திரும்பவே இல்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. அவ்வளவு வெறுப்பு இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை மட்டும் சொல். ஸுல்மா, தான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சிலுவை போட்டுச் சொல்கிறாள்.

அப்பா


புரூஜ்
30 செப்டம்பர்

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மருந்துக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் நின்று படித்தேன். முதலாளி வந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

எந்த ஆரஞ்சு? எந்த தேவதை? நான் ஆரஞ்சைப் பற்றி என் வாழ்நாளில் எழுதியதில்லை. என்னைக் கேலி செய்யவா கரை கரையாக நடந்து வந்திருக்கிறீர்கள்?

சரி, அந்த அம்மாளும் கேட்கட்டும். விடுதிக்குப் போன நாள் முதல் நான் படுக்கையை நனைத்தேன். ஏழு வயது. எப்போதும் அசைகிற படுக்கையில் தூங்கியவளுக்கு அசையாத கட்டிலில் தூக்கம் வரவில்லை, தூங்கினால் இப்படி. அங்கே அதற்கு ஒரு தண்டனை உண்டு. நனைந்த விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாடு முடியும் வரை சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் அது தலையிலேயே விறைக்கும். இதைத்தான் முதல் கடிதத்தில் எழுதினேன். இரண்டாவதிலும். "அப்பா, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் படகில் ஓரத்துக்கே போக மாட்டேன், கயிற்றிலேயே கட்டி வையுங்கள்" என்று எழுதினேன். அந்த வரியை எத்தனை கடிதத்தில் எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை.

எட்டாவது வயதில் ஒரு சிஸ்டர் காதில் அறைந்தார். சீழ் வடிந்தது. அதையும் எழுதினேன். அன்றிலிருந்து இடது காது கேட்காது. பாலத்தில் நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. இடப்பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியாதா?

கால்வாய் அந்த விடுதிச் சுவரை ஒட்டித்தான் போகிறது. மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ நீங்கள் கடந்து போவீர்கள். போகும்போது சங்கு ஊதுவீர்கள், இரண்டு நீளம், ஒரு குட்டை. மற்றப் பிள்ளைகள், "உங்கப்பா! உங்கப்பா!" என்று ஜன்னலுக்கு ஓடுவார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் கதவுக்குப் போய் நிற்பேன். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, கூட்டிப்போகத்தான் வருகிறார் என்று. எஞ்சின் சத்தம் வேகம் குறையாமல் போகும். முதல் வருடம் முழுவதும் அப்படிப் போய் நின்றேன்.

விடுமுறையில் அம்மாவிடம் கேட்டேன், "அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினியா?" என்று. "ஒரு வரி விடாம" என்றாள். "என்ன சொன்னார்?" "ஒண்ணும் சொல்லல." அதனால்தான் அந்த மதகில் உங்களிடமே வந்து கேட்டேன். அருமையாக எழுதுகிறேன் என்றீர்கள்.

காரணம் கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

கோடலீவ்


புரூஜ்
9 அக்டோபர்

என் கோடலீவ்,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஸுல்மா காகிதத்தை மூன்று தடவை மாற்றிவிட்டாள்.

டப்பாவைத் திறந்துவிட்டேன். பிரிக்காதீர்கள் என்று உன் அம்மா சொன்னதையும் மீறி. மத்தியானத்தில் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஸுல்மா கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். இரண்டாவது கடிதத்திலேயே நிறுத்தி, "போதும் ஓடில், வேணாம்" என்றாள். "படி" என்றேன். நான்கு மத்தியானம் ஆயிற்று. முப்பத்தொன்றும் கேட்டேன்.

ஆரஞ்சு இல்லை. தேவதை இல்லை. சூப் இல்லை. மார்தா என்று ஒரு பெண்ணே இல்லை.

அன்றைக்கெல்லாம் உன் அம்மா எப்படிப் படிப்பாள் தெரியுமா? நான் சுக்கானைப் பிடித்திருப்பேன். கால்வாயில் எதிர்ப்படகு வரும்போது கண்ணை எடுக்க முடியாது. கடிதத்தை என் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை, பார்த்து என்ன பிரயோசனம்? அவள் உருளைக்கிழங்கு உரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொண்டை ஊசியால் உறையைக் கிழிப்பாள். முதலில் தனக்குள் படிப்பாள். "அட, சத்தமா படியேன்" என்பேன். "இருங்க, உங்க பொண்ணு எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, புரிய வேணாமா" என்பாள். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள். எவ்வளவு நன்றாகப் படிப்பாள்! நடுவில் சிரிப்பாள்கூட. அந்தக் கனைப்புக்கும் கொண்டை ஊசிக்கும் நடுவில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. முப்பத்தொரு தடவையும்.

நான் சங்கு ஊதியது, "அப்பா போறேன், நல்லா இரு" என்பதற்கு. நின்று உன்னைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சில தடவை சொன்னேன். "பாத்தா அழும், பழகின பிள்ளைய கெடுக்காதீங்க, சந்தோஷமா இருக்குன்னு எழுதுதே" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. அதை நான் யார் மீதும் போட மாட்டேன்.

அவள் ஏன் செய்தாள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் சொல்கிறேன். உனக்கு ஆறு வயதில் உன் தம்பி சிரியேல் போனான். படகில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவனையும் இடுப்பில் கயிறு போட்டு வளையத்தில் கட்டித்தான் வைத்திருந்தோம். கால்சட்டை நனைந்துவிட்டது என்று அம்மா கயிற்றை அவிழ்த்தாள். காய்ந்ததை எடுக்கக் கொடிப்பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். மூன்று வயது. மதகுக் கதவுக்குக் கீழே கிடைத்தான். அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள், "என் பிள்ளை இனி தண்ணி மேல இருக்கக் கூடாது." உன் கடிதத்தை அப்படியே படித்திருந்தால் நான் அன்றைக்கே படகைத் திருப்பியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கரையில் அடிபட்டாலும் உயிரோடு இருப்பாய் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அவளை நான் வையவில்லை. வைய முடியவில்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடம் என் பக்கத்தில் படுத்து எழுந்தவள் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

கோடலீவ், நான் கேட்டிருந்தால் வந்திருப்பேன். படகைச் சுமையோடு குறுக்கே நிறுத்தி, கால்வாயையே அடைத்துவிட்டு வந்திருப்பேன். இதை நீ நம்ப வேண்டும். ஒரு தடவை வா, அல்லது என்னை வரச் சொல். உன் வலப்பக்கம் நின்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நான் போய்விடுகிறேன்.

அப்பா


புரூஜ்
20 அக்டோபர்

அப்பா,

அப்பா என்று எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுத மனதில்லை.

உங்களை நம்புகிறேன். நீங்களாக இட்டுக்கட்ட முடியாத பொய் அந்த ஆரஞ்சு, அது அவள் கட்டியதுதான். அம்மாவுக்கு ஆரஞ்சு என்றால் உயிர்.

நம்பியதில் எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. நான் சொல்லப் போவதை அந்த அம்மாள் மெதுவாகப் படிக்கட்டும்.

நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அம்மா மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைப் பார்க்க வருவாள். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு காப்பிக்கடை, எப்போதும் அதே மேஜை. என் வலப்பக்கம்தான் உட்காருவாள். நான் கேட்காமலே, முதல் நாளிலிருந்தே. எவ்வளவு கரிசனம் என்று நினைப்பேன். அங்கே உட்கார்ந்து இருபத்தேழு வருடம் உங்களைத் திட்டியிருக்கிறேன். "அதக் கேட்டுட்டு எப்படிம்மா ஒரு மனுஷன் சுக்கானத் திருப்பாம போவான்? கல்லா அவரு?" அம்மா ஆப்பிள் டார்ட்டை முள்கரண்டியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டே இருப்பாள். சாப்பிட மாட்டாள். "விடுடி. அவரு தண்ணி மனுஷன்" என்பாள். உங்களுக்காக வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து, "நீ என்ன பண்ணுவ பாவம்" என்று நான்தான் ஆறுதல் சொல்வேன். எத்தனை ஞாயிறு!

அவளுக்குப் படுக்கையில் புண் வந்தபோது தினமும் வேலை முடிந்து மருத்துவமனைக்கு ஓடினேன், நீங்கள் கிளம்பிப் போன பிறகு. புரட்டிப் போட்டேன், துடைத்தேன், நனைந்த விரிப்பை மாற்றினேன். அப்போதும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள்.

எனக்கு ஒரு அம்மா இருந்தாள். அப்பா இல்லாவிட்டாலும் அம்மா இருந்தாள். கல்யாணம், பிள்ளை எதுவும் வேண்டாம் என்று இருந்ததற்கும் அது போதுமாக இருந்தது. இப்போது உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் இல்லை. ஏப்ரலில் செத்தது வேறு, இது வேறு. புகைப்படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், பிறகு எடுத்து அலமாரிக்குள் போட்டேன், அங்கிருந்தும் பார்க்கிறாள். மருந்துக் கடையில் இரண்டு சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். சாப்பிட முடியவில்லை. வாய்க்குக் கொண்டுபோனால் அந்த முள்கரண்டி ஞாபகம் வருகிறது.

கல்லறைத் திருநாள் வருகிறது. அவளுக்குச் சாமந்தி வைக்க நான் போக மாட்டேன்.

உங்களைப் பார்க்கச் சொல்கிறீர்கள். பார்த்து? நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஒரு அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. எனக்கு அம்மாதான் வேண்டும். அவளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா உங்களால்? உங்களைக் குறை சொல்லவில்லை. நான்தான் கடிதங்களைக் கிளறினேன், நீங்கள் நடந்ததைச் சொன்னீர்கள். ஆனால் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

கோடலீவ்


புரூஜ்
4 நவம்பர்

கோடலீவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கும். ஸுல்மாவுக்குக் கை வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. தபால் நிலையத்தில் ஒருவரைக் கேட்டு எழுதுகிறேன். வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்லறைக்குப் போயிருந்தேன். ஊரே சாமந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. வெள்ளை, மஞ்சள், ஒரு குழி விடாமல். உன் அம்மா கல்லின் மீது ஈர இலை மட்டும் கிடந்தது. நானும் பூ கொண்டுபோகவில்லை. அது நீ வைக்க வேண்டிய இடம்.

நான் உனக்குச் சொன்னது பொய். உன் அம்மா படித்தது உண்மை. நீ எழுதியது எழுதியபடி, ஒரு எழுத்து மாற்றாமல் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். "திருப்புங்க, இப்பவே திருப்புங்க" என்று சுக்கானைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். செங்கல் குறித்த நாளில் சேர வேண்டியிருந்தது, தாமதமானால் அடுத்த சுமை வேறொருவனுக்குப் போய்விடும். அதோடு, படகில் பிள்ளை இருந்தால் எனக்குத் தொல்லை. சிரியேலுக்குப் பிறகு எனக்குப் பிள்ளைகளின் சத்தமே பிடிக்கவில்லை. "எல்லாப் பிள்ளையும் அழும், அடங்கிடும்" என்றேன். "இதப் பத்தி அவகிட்ட வாயத் திறந்த, உன்னையும் கரையில இறக்கிவிட்டுடுவேன்" என்றேன். அதனால்தான் உன்னிடம், நான் ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாள். அதனால்தான் டார்ட்டை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராத பாவம்.

ஆரஞ்சு நான் கட்டியது. அவளுக்கு ஆரஞ்சு பிடிக்கும் என்று எனக்கும் தெரியுமே. படிக்கத் தெரியாதவனுக்கு இட்டுக்கட்டத்தான் நன்றாக வரும்.

பாலத்தில் உன் இடப்பக்கம் நின்றதும் தெரிந்துதான். கூப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், நீ திரும்பவும் மாட்டாய், எனக்கு உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவும் வேண்டியிருக்காது.

செத்தவள் எழுந்து வந்து மறுக்க மாட்டாள் என்று அவள் தலையில் போட்டேன். உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசையில் செய்தது. அதன் பிறகு நீ எழுதிய கடிதத்தைக் கேட்டேன். மேற்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

உன் அம்மா உன் வலப்பக்கம் உட்கார்ந்தது கரிசனத்தில்தான். வேறு எதுவும் இல்லை.

டப்பாவை இங்கேயே கொடுத்துவிட்டேன். நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். வந்த வழியே கரையோடு. இந்த ஊரில் இரண்டு கரை நடக்காமல் மிச்சம் இருக்கிறது, அது இருக்கட்டும்.

ஓடில் வான்டோர்


புரூஜ்
17 நவம்பர்

ஓடில் வான்டோருக்கு,

நியூபோர்ட்டில் யார் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்களோ தெரியாது. யாராவது படிப்பார்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே கல்லறைக்குப் போனேன். திருநாள் முடிந்துவிட்டதால் பூக்கடையில் மிஞ்சிய தொட்டிகள்தான் இருந்தன. வெள்ளைச் சாமந்தி, ஒரு பக்கம் கருகியது. அதை வாங்கி வைத்தேன். கல்லைத் துடைத்தேன். மன்னிப்புக் கேட்டேன், சத்தமாகவே. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். அவளைப் பற்றி மூன்று வாரம் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எந்த மகளும் நினைத்திருக்க மாட்டாள். நினைக்க வைத்தது நீங்கள்.

எனக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது. அம்மாவால் முடியாது என்று. அந்தக் கடிதத்தில் எங்கேயோ ஒரு இடம் இடித்தது, எது என்று அப்போது பிடிபடவில்லை. இப்போது புரிகிறது. கடைசியிலாவது உண்மையைச் சொன்னீர்களே, அதற்கு மட்டும் நன்றி. அதை உங்களிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

புகைப்படத்தை எடுத்து மறுபடி மேஜை மீது வைத்துவிட்டேன். மருந்துக் கடைக்குத் திரும்பிவிட்டேன். இந்த மாதத்தோடு அஞ்சல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இனி நீங்கள் எழுதினால் திரும்பித்தான் வரும். உங்களுக்கு ஏதாவது ஆனாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மீன் சந்தையில் ஒரு வயதான அம்மாள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி. "நான் ஸுல்மா. டாம் வாசல்ல காப்பிக்கடை" என்றாள். அந்தக் கையில் வீக்கம் எதுவும் தெரியவில்லை. என் இடப்பக்கம் நின்று ஆரம்பித்தவள், ஞாபகம் வந்தவள்போலச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். "உங்கப்பா கடைசியா அனுப்பின கடுதாசி..." என்றாள்.

"வேணாம்மா. அவரே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அது இல்லடி பொண்ணே, நான் சொல்றத..."

"எங்கம்மாவுக்குப் பூ வச்சுட்டேன். பத்து நாளாத்தான் தூங்குறேன்" என்றேன்.

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. உங்களைப் போன்ற ஒருவருக்காக ஏன் கலங்குகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, கடைக்காரனின் தட்டைக் காட்டி, "நாக்கு மீன் இன்னைக்கு நல்லாருக்கு. வாங்கிட்டுப் போ" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

இரண்டு வாங்கினேன். வெண்ணெயில் பொரித்து, இரண்டையும் நானே சாப்பிட்டேன். வெகு நாட்களுக்குப் பிறகு பசித்தது.

கோடலீவ்